அட்டை மட்டும் என்னிடம் இருக்கட்டும்

மகனுக்கு, அத்தா எழுதுவது. அல்லாஹ் உன் உடம்புக்குச் சுகத்தையும் மனசுக்கு ஆறுதலையும் தரட்டும். இரண்டில் ஒன்றுதான் இப்போதைக்குக் கிடைக்கும் என்றால், மனசுக்குத்தான் கேட்கிறேன். உடம்பைத் திருப்பூர் மெஸ் சாப்பாடு எப்படியும் கெடுக்கத்தான் போகிறது. போனில் பேசும்போது, "சாப்டீங்களாத்தா, மழை பெஞ்சுச்சாத்தா" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். நானும் சாப்பிட்டேன், மழை இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். பேச வேண்டியது அப்படியே மிச்சம் கிடக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வரும். இதைப் படித்து முடிக்காமல் அதைப் பிரிக்காதே. பிரித்தால் உனக்கு என்மேல் கோபம் வரும்.

நீ ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட, நீ போன விதம்தான் மனசைப் போட்டு அறுக்கிறது. உன் கைடு மேடம் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்த அந்த முதல் அத்தியாயத்தை அம்மாவின் புடவைகளுக்கு மேலே வைத்து, பீரோவைப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தாய். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் திருப்பூர் வண்டி ஏறினாய். ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாய். "அம்மா கையில வச்சிருந்த புஸ்தகம்த்தா அது. அதுல அம்புட்டையும் தப்புன்னு போட்டுட்டாங்க. இனி நான் அதத் திருத்துனா, அம்மா பாத்தது என்னன்னு ஆகும்?" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

புத்தகம், புத்தகம் என்கிறோமே நாம் இருவரும், தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. மில் வேனில் வேலைக்குப் போய்வரும் பெண்களைப் பற்றி நீ எழுதிய நாற்பது பக்க முதல் வரைவு அது. அதைப் புத்தகமாக ஆக்கியவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து, இத்தனை வருஷமாக எத்தனையோ பிள்ளைகளின் ஆய்வேட்டுக்கு ரெக்ஸின் அட்டை போட்டுப் பொன்னெழுத்து அடித்துக் கொடுத்திருக்கிறேன். என்னிடம் வருவதெல்லாம் கடைசிப் பிரதி. கையெழுத்தெல்லாம் வாங்கி, சலவைக்குப் போய்வந்த சட்டை மாதிரி வரும். அடித்துக் கிழித்து, அம்புக்குறி போட்டு, ஓரமெல்லாம் திட்டு வாங்கிய தாளை ஒருத்தரும் என் கடைக்குக் கொண்டுவந்ததில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. பிள்ளை எழுதுவான், நான் அட்டை போடுவேன், பட்டம் வாங்குவான், அவ்வளவுதான் என் ஞானம்.

மதுரையில் பார்த்த டாக்டர், "இனிமே வீட்ல வச்சுப் பாத்துக்கங்க பாய்" என்று சொன்ன வாரம் உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உன் அம்மாவுக்கு நம் இருவரையும்விட நன்றாகத் தெரியும். சிறுநீரகம் கைவிட்டுக் காலும் முகமும் வீங்கிக் கிடந்தவள், தன் உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எப்பங்க முடிப்பான்?" என்று உன்னைப் பற்றித்தான் தினமும் கேட்டாள். அன்றைக்குக் கடைக்குப் போனதும் உன் நாற்பது பக்கத்தையும் நல்ல தாளில் பிரிண்ட் போட்டேன். மெரூன் ரெக்ஸின் எடுத்தேன். நாற்பது பக்கம் அட்டைக்குள் நோஞ்சானாகக் கிடந்தது. முதுகில் எழுத்து அடிக்க இடம் வேண்டுமே, அதனால் பின்னால் வெற்றுத் தாளாகச் சேர்த்து வைத்துத் தைத்தேன். முன்னால் 'முனைவர் பட்ட ஆய்வேடு' என்றும் அதன்கீழ் உன் பெயரும் அடித்தேன். பசை காய்வதற்குள் பஸ் ஏறிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அம்புட்டும் அவன் எழுதுனதாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "முடிச்சிட்டானா?" என்றாள். முடித்துவிட்டான் என்றேன். நீ கையில் தண்ணீர் டம்ளரோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாய். உன் முகத்தை நான் பார்த்தேன்.  பெற்றவள் அப்படி ஒரு சந்தோஷத்தோடு இருக்கும்போது எந்தப் பிள்ளை வாயைத் திறப்பான்? அவள் விரலால் உன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தடவினாள். பிறகு, "ஏலே, உங்க மேடத்துகிட்ட இதையே கொண்டுபோயிக் குடு. சும்மா தாளாக் கொண்டுபோனா மதிக்க மாட்டாக" என்றாள். நீ மறுக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தாய். புத்தகம் மதுரையில் மேடத்தின் மேசையில் இருக்கும்போதே இங்கே அவள் மௌத்தாகிவிட்டாள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து நீ மதுரைக்குப் போனபோது மேடம் ஊரில் இல்லை. உன்னோடு படிக்கிறவர்தான் அதை எடுத்துக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே பிரித்தாய். முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில், 'முதல் வரைவுக்குப் பொன்னெழுத்து எதற்கு? தைத்துவிட்டால் எப்படித் திருத்துவீர்கள்?' என்று இருந்தது. நீ நாலைந்து தாளைப் புரட்டினாய். எங்கே பார்த்தாலும் சிவப்பு. மூடி வைத்துவிட்டாய். உன்னைக் குத்தியது அந்த முதல் வரி என்று எனக்குத் தெரியும். ஆனால் தம்பி, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ இல்லை. தைத்தது யார்? அது எனக்கு வந்த திட்டு. அதை நீ வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு திருப்பூர் வரைக்கும் சுமந்துகொண்டு போயிருக்கிறாய்.

நீ போன மறுவாரம் பீரோவைத் திறந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த மேடத்தோடு சண்டை போடத்தான் திறந்தேன். என் பெண்டாட்டி மடியில் வைத்திருந்ததை இப்படிக் கிறுக்கி வைக்க இவர் யார் என்று வயிறு எரிந்தது. கடையைப் பூட்டிவிட்டு, புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டேன். என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வசனமெல்லாம் தயார். எதற்கும் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துக்கொள்வோமே என்று பிரித்தேன். அதுதான் என் கெட்ட காலமோ நல்ல காலமோ. ஒரு பக்கத்தில் நீ, 'அப்பெண்மணி தன் வாழ்வியல் நெருக்கடிகளை விரிவாக எடுத்துரைத்தார்' என்று எழுதியிருந்தாய். பக்கத்தில் சிவப்பில், 'என்ன சொன்னார்?' என்று இருந்தது. அடுத்த பக்கத்திலும் அதே கேள்வி. 'அவர் என்ன சொன்னார்? நீங்கள் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.' எனக்குச் சுரீர் என்றது. ஏனென்றால் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று எனக்கே தெரியும்.

மம்சாபுரத்துக்கு நீ தனியாகப் போனால் அந்தப் பெண்கள் பேச மாட்டார்கள் என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவாயே. அவளும் ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி கிளம்புவாள். அன்றைக்குத் திரும்பி வந்து தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பிள்ள சொல்லுதா, 'மில்லு வண்டி ஆரன் அடிச்சா, பால் குடிக்கிற பிள்ளய மடியிலருந்து எறக்கி வச்சிட்டு ஓடணும்க்கா. அழுதா திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா அன்னைக்கு வேலைக்குப் போக முடியாது'ன்னு. எனக்குச் சோறு எறங்கலங்க." அதைக் கேட்டு அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. அதே பெண்ணைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. மேடத்தின் கேள்வியில் என்ன தப்பு என்று தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. வண்டி கிருஷ்ணன்கோவிலில் நின்றபோது இறங்கிவிட்டேன்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மீதியைப் படித்தேன். கனத்துக்காக நான் பின்னால் வைத்துத் தைத்த வெற்றுத் தாள்கள் எதுவும் வெற்றாக இல்லை. தைத்த பக்கம் சரியாக விரியாததால் ஓரத்தில் எழுத இடம் போதாமல், அந்தத் தாள்களில்தான் மேடம் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டே போயிருக்கிறார். எந்த இடத்தை விரிக்க வேண்டும், எதை எடுத்துவிட வேண்டும், எந்தப் பெண்ணிடம் மறுபடி போக வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், 'படித்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்' என்று எழுதி நம்பரும் போட்டிருக்கிறார். நீ அதுவரைக்கும் போகவே இல்லை. உனக்குப் பதிலாக நான் கூப்பிட்டேன்.

உன் அத்தா என்றதும், "எங்கங்க அவர்? ஆளையே காணோமே" என்று கொஞ்சம் கோபமாகத்தான் ஆரம்பித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். யாருக்காக அந்த அட்டை போட்டேன் என்பதையும் சொன்னேன்.   பிறகு, "எனக்குத் தெரியாதுங்க. அவர் சொல்லவே இல்லையே" என்றார். நான், பரவாயில்லம்மா என்றேன். "தெரிஞ்சிருந்தாலும் உள்ள எழுதினத அப்படியேதாங்க எழுதியிருப்பேன். அதுல மாத்தம் இல்ல. ஆனா அந்த முதல் வரிய எழுதியிருக்க மாட்டேன். நேர்ல உக்காந்து சொல்லியிருப்பேன்" என்றார்.  இனிக்க இனிக்கப் பேசி ஆறுதல் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இப்படிச் சொன்னதால்தான் நம்பினேன். வைக்கும்போது, "வரச் சொல்லுங்க. இல்ல, வர முடியலன்னா பேசவாவது சொல்லுங்க" என்றார்.

தம்பி, ஒன்று யோசித்துப் பார். 'நல்லா இல்லை' என்று ஒருத்தர் சொல்லி நீ கேட்பது இது முதல் தடவையா? காலேஜில் பேச்சுப்போட்டிக்கு மொட்டை மாடியில் நின்று முழங்கினாயே, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா, "யாருக்குலே பேசுத? பக்கத்துல இருக்க எனக்கே ஒண்ணும் வெளங்கல" என்றாளே. நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோறு வேண்டாம் என்றாய். செத்த நேரம் கழித்து நீயே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த எடம்மா வெளங்கல?" என்று கேட்டாய். அவள் சொன்னாள், நீ மாற்றினாய், பரிசும் வாங்கிவந்தாய். அவள் சொன்னபோது உன்னை வேண்டாம் என்று சொல்கிறாள் என்று நீ நினைக்கவில்லை. இந்த மேடம் சொன்னபோது அப்படி நினைத்துவிட்டாய். அவள் இருந்திருந்தால் அன்றைக்குச் செருப்போடு நின்ற உன்னை ஒரு அதட்டு அதட்டி, உட்காரவைத்துக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கவைத்திருப்பாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இந்த வீட்டில் நேருக்கு நேர் சொல்கிறவள் அவள் ஒருத்திதான் இருந்தாள். போய்விட்டாள்.

இனி கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். 'அவர்கள் என்ன சொன்னார்கள்' என்று மேடம் கேட்பதற்குப் பதில் உன் போனில் இருக்கிறது. மம்சாபுரத்தில் நீ பதிவு செய்த பேச்சுகள்தான். அதைத் திரும்பக் கேட்டால் பாதிக் கேள்வி உன் அம்மா குரலில் வரும். "மக்கா, பிள்ளைய யாரு பாத்துக்கிடுதா?" என்று அவள்தான் கேட்டிருப்பாள். நடுவில் சிரித்திருப்பாள், டீ நல்லாருக்கு என்றிருப்பாள். நீ ஓடிப்போனது சிவப்பு மைக்குப் பயந்து மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். உன்னை எப்படிக் குறை சொல்வேன்? கடையிலிருந்து வரும்போது என்ன வாங்கிவர வேண்டும் என்று அவள் எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் என் போனில் அப்படியே கிடக்கிறது. எனக்கும் இன்றுவரை அதைத் தொடத் தைரியம் வரவில்லை. கத்தரிக்காய் வாங்கிவரச் சொன்னதைக் கேட்கப் பயந்துகொண்டு ஒரு கிழவன் உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் முடியவில்லை.

எழுதுவதைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. மேடம் எழுதியதை முழுக்கப் படித்தவன் என்கிற முறையில் சிலதைச் சொல்கிறேன். மொத்தத்தையும் ஒரே மூச்சில் படிக்காதே, எனக்கே அன்று டீ இரண்டு தேவைப்பட்டது. கோபம் வந்தால் வரட்டும், எனக்கு வந்ததைவிட உனக்கு அதிகம் வராது. திட்டு என்று நினைத்துப் படித்தால் எல்லாம் திட்டாகத்தான் தெரியும். அவர் கேட்பதற்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டு போ. சில இடத்தில் அவர் சொல்வது உனக்குச் சரியாகப் படாமல் போகலாம். அங்கே மடக்கிப் பேசு, பேசக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை. வேலையை விட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம் திருத்தினால் போதும். முதல் காரியமாக அவரைக் கூப்பிட்டு, நீயே உன் வாயால் அம்மாவைப் பற்றிச் சொல். நான் சொன்னது கணக்கில் சேராது. உன்னால் முடியாது, உனக்கு இஷ்டமே இல்லை என்றால் விட்டுவிடு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் அம்மாவுக்காக விட்டேன் என்று மட்டும் சொல்லாதே. அந்தப் பாரத்தை அவள்மேல் ஏற்றாதே.

பதிவைக் கேட்க உட்காரும் அன்று எனக்கு ஒரு போன் போடு. நீ அங்கே ஸ்பீக்கரில் போடு, நான் இங்கே கேட்கிறேன். இருவரும் சேர்ந்து அழுதால் சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு நீ எழுது, நான் கடையைத் திறக்கிறேன்.

இப்போது பார்சலைப் பற்றிச் சொல்கிறேன். நேற்று கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பைண்டிங்கை வெட்டிவிட்டேன். நான் போட்ட தையல் என்பதால் பிரிக்க லேசில் வரவில்லை. கத்தியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன், பிறகு வந்து வெட்டினேன்.  உன் கேள்விக்குப் பதில் அந்தக் கத்தியைப் பிடித்திருக்கும்போதுதான் கிடைத்தது. அம்மா பார்த்தது என்னன்னு ஆகும் என்று கேட்டாயே. அன்றைக்கு அவளுக்குக் கண் இமை சரியாகத் திறக்க முடியாதபடி வீங்கியிருந்தது. அவள் அதைப் பிரிக்கவே இல்லை தம்பி, உள்ளே ஒரு வரி படிக்கவில்லை. மடியில் வைத்து உன் பெயரைத் தடவியதோடு சரி. அவள் பார்த்தது அட்டையைத்தான். அதில் சிவப்பு மை எங்கும் படவில்லை, அதில் திருத்தவும் ஒன்றும் இல்லை.

அதனால் உள்ளே இருந்த தாள்களை மட்டும் அனுப்புகிறேன். தைக்கவில்லை, வெறும் நாடா போட்டுத்தான் கட்டியிருக்கிறேன், இழுத்தால் அவிழ்ந்துவிடும். அடி, கிழி, வேண்டாத பக்கத்தைத் தூக்கிப் போடு. அட்டை மட்டும் என்னிடம் இருக்கட்டும். புடவைகளுக்கு மேலே, நீ வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். முடிச்சிட்டான் என்று அவளிடம் நான் சொன்ன வார்த்தை அதோடு அப்படியே காத்துக்கொண்டு கிடக்கிறது. நீ எப்போது எழுதி முடித்துக் கொண்டுவந்தாலும் அதே அட்டையைப் போட்டுத் தருகிறேன். இந்த முறை வெற்றுத் தாள் வைக்க வேண்டியிருக்காது. தடிமன் கூடிவிட்டால் முதுகை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

அத்தா